புளித்த மாவு: அரிசி மாவா, பணியாரமா?

சேலத்து மே மாத வெக்கையில் வெளியே வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும். அதை அரிசி மாவு கலந்து சமாளிப்பதா, பணியாரமாகச் சுடுவதா?

அரிசி மாவு கலந்தால் புளிப்பு போகாது, பரவிக் குறையும், அவ்வளவுதான். தோசை முறுகலாக வரும், இட்லி கல்லாகிவிடும். மாவும் கூடிப்போகிறது, அன்றே தீர்க்காவிட்டால் மறுநாள் அத்தனையும் புளிக்கும்.

பணியாரத்துக்குப் புளிப்பு ஒரு குறையே இல்லை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு கைப்பிடி சேர்த்தால் (சேலத்தில் அதற்கா பஞ்சம்!) உள்ளே மெத்தென்று இருக்கும். குழிக்குக் குழி எண்ணெய் கேட்கும், நேரமும் இழுக்கும்.

காலை அவசரத்துக்கு அரிசி மாவு சரி. சாயங்காலம் என்றால் பணியாரம்தான் என் கட்சி. பூஞ்சை தெரிந்தால் இரண்டும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.