லண்டன்ல ரூம் தேடுறவங்க கவனத்துக்கு: "கசின்ஸ்னு சொல்லிடுங்க"ன்னு சொன்னா ஓடிடுங்க

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ரூம் போட்டோ வந்துச்சு, அந்த நீலக் கலர் கர்ட்டன பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு, நான் ஏமாந்த அதே ரூம். அதான் டைப் பண்றேன்.

2022 செப்டம்பர்ல மாஸ்டர்ஸ் படிக்க கிழக்கு லண்டன் வந்தேன். ஓனர் நம்மூர் ஆளு, வாய் நிறைய தம்பி தம்பின்னு பேசுவாரு. மாசம் 550 பவுண்ட், ரெண்டு மாச அட்வான்ஸ், ஆரம்பத்துல எல்லாம் கேஷ். சென்னையில பத்து மாசம் குடுத்துப் பழகுனவனுக்கு ரெண்டு மாசம் கம்மியாத்தானே தெரியும்? இங்க பொதுவா அஞ்சு வார வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கவே கூடாதாம், வாங்குனதையும் 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச டெபாசிட் ஸ்கீம்ல போடணுமாம், யாருக்குத் தெரியும்.

ரூம்னு பேருதான், ஹால் நடுவுல ப்ளைவுட் அடிச்சு ரெண்டாக்கினது. கட்டில் போட்டா கதவு பாதிதான் தொறக்கும். வீட்ல ஏழு பேரு, ஒரே டாய்லெட். நவம்பர் குளிர்ல கட்டிலுக்குப் பின்னாடி சுவரெல்லாம் கறுப்பா பூஞ்சை, சூட்கேஸ் அடியில ஈரம், அம்மா குடுத்தனுப்புன இட்லிப்பொடி வரைக்கும் பூத்துப்போச்சு. கேட்டா "துணிய உள்ள காயப்போடாத தம்பி, ஜன்னல தொறந்து வை"ங்கிறாரு. அந்த ஜன்னல் பெயிண்ட் அடிச்சதுல ஒட்டிக்கிட்டு அசையவே அசையாது.

கூட இருந்த பையன் ஒருத்தன் கவுன்சிலுக்கு (நம்மூர் மாநகராட்சி மாதிரி) கம்ப்ளைன்ட் பண்ணிட்டான். ஆபீசர் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி ஓனர் வந்து, "யார் கேட்டாலும் எல்லாரும் கசின்ஸ்னு சொல்லுங்க, இல்லன்னா தெருவுலதான் நிக்கணும்"னாரு. சொன்னோம். ரெண்டு தெலுங்குப் பசங்க, ஒரு பஞ்சாபி, நான், எல்லாரும் கசின்ஸ்! வந்த ஆபீசரம்மா எங்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு எழுதிட்டுப் போயிட்டாங்க.

ஏன் கசின்ஸ்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அஞ்சு பேரோ மேலயோ, ஒரே குடும்பமா இல்லாம கிச்சன் பாத்ரூம ஷேர் பண்ணா ஓனர் கவுன்சில்ல ஹெச்எம்ஓ (பல குடும்பத்து ஆளுங்க சேர்ந்து இருக்குற வீடு) லைசென்ஸ் எடுக்கணும். 2004 ஹவுசிங் ஆக்ட்ல கசினும் குடும்பக் கணக்குதான், அந்த ஒரு வார்த்தையில ஹெச்எம்ஓ லைசென்ஸே தேவையில்லாத வீடாகிடும். நம்ம வாயாலயே அவருக்கு சாட்சி சொல்லிட்டோம்.

ஜனவரியில இருமல் தாங்காம உண்மையெல்லாம் எழுதி நானே மெயில் போட்டேன். அதே ஆபீசரம்மா லேசர் மீட்டரோட வந்தாங்க. என் ரூம் 5.8 சதுர மீட்டர், பெரியவங்க ஒருத்தர் தூங்குற ரூம் 6.51 ஆவது இருக்கணும். ஸ்மோக் அலாரம் ஒண்ணுகூட இல்ல. ஈரமும் பூஞ்சையும் அப்போ கவுன்சில் செக் பண்ணுன 29 ஆபத்துல ஒண்ணு, அது மோசமான கேட்டகரி ஒண்ணுல வந்துட்டா அவங்க நடவடிக்கை எடுத்தே ஆகணும். ஓனருக்கு நோட்டீஸ் போச்சு.

ஆனா கவுன்சில் ஃபைன் போட்டா அது கவுன்சிலுக்குத்தான், நமக்கு வராது. வாடகைய திருப்பி வாங்க நாமளே டிரிப்யூனல் (வீட்டு வழக்கு பாக்குற தீர்ப்பாயம்) போகணும், லைசென்ஸ் இல்லாத வீடுன்னா அப்போ அதிகபட்சம் 12 மாச வாடகை கேக்கலாம். எனக்கு பேங்க்ல அனுப்புன மாசங்களுக்கு மட்டும்தான் கிடைச்சுது, முதல் நாலு மாசம் கேஷ், ரசீது கிடையாது, 2200 பவுண்ட் கோவிந்தா.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஏரியா கவுன்சில்ல லைசென்ஸ் ரெஜிஸ்டர் பாருங்க, யார் வேணா பாக்கலாம். நேத்து அந்த அட்ரஸ தேடுனேன், இன்னும் இல்ல. வாடகை மட்டும் 700 ஆயிடுச்சு.