க்ரோக் பார்க் டூர்: ரயில்வே கோப்பை கதையோடு போனால் இன்னும் ரசிக்கலாம்

டப்ளினுக்கு விருந்தாளி வந்தால் எல்லோரும் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். என்னைக் கேட்டால் அரை நாளை க்ரோக் பார்க்குக்கு ஒதுக்குங்கள் என்பேன். ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டு) பார்த்ததே இல்லையென்றாலும் பரவாயில்லை. 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானம், ஆனால் இங்கே ஹர்லிங் ஆடுகிறவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வாத்தியார் வேலையோ விவசாயமோ பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்குப் போகிறவர்கள்.

டூர் டிக்கெட்டிலேயே அருங்காட்சியகமும் சேர்ந்துவிடும். கைடு உடை மாற்றும் அறையைக் காட்டிவிட்டு, வீரர்கள் ஓடி வரும் டனல் வழியாக மைதானத்தின் ஓரம் வரை கூட்டிப்போவார் (புல்லில் மட்டும் கால் வைக்க விடமாட்டார்கள்). அங்கிருந்து ஹோகன் ஸ்டாண்ட் தெரியும். 1920 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் படைகள் இதே மைதானத்துக்குள் சுட்டதில் 14 பேர் செத்தார்கள், அதில் ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். அவர் பெயர்தான் அது.

அந்த ஸ்டாண்டைப் பார்க்கும்போது ரயில்வே கோப்பையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கைடிடம் கிளறிவிடுங்கள். மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர், கானாக்ட், அல்ஸ்டர் என்று அயர்லாந்தின் நான்கு மாகாண அணிகள் மோதிய போட்டி. நம் கிரிக்கெட்டின் துலீப் டிராபி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், கூட்டம் வராத அதே தலையெழுத்துதான் இதற்கும். 1927இல் புனித பாட்ரிக் தினத்தன்று இங்கே நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் லெய்ன்ஸ்டர் 1-11, மன்ஸ்டர் 2-6. முதல் எண் கோல், அடுத்தது கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனவை; கோலுக்கு 3 புள்ளி, மேலே போனால் 1 புள்ளி, ஆக 14க்கு 12. அதன் பிறகு பெரும்பாலும் மன்ஸ்டர் ராஜ்ஜியம்தான். மன்ஸ்டரின் கார்க் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வீரர் கிறிஸ்டி ரிங் ஒருவரே 18 பதக்கம் வாங்கியிருக்கிறார். கானாக்ட் என்றால் கிட்டத்தட்ட கால்வே கவுண்டிதான். அல்ஸ்டர் ஹர்லிங்கில் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை, பாவம்.

1954இல் இந்த இறுதி ஆட்டங்களைப் பார்க்க சுமார் 49,000 பேர் வந்தார்கள். 1962இல் டிவியில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எழுபதுகளில் பாட்ரிக் தினத்தை கிளப் இறுதி ஆட்டங்கள் எடுத்துக்கொண்டன, கூட்டம் கரைந்து கடைசியில் சில நூறு பேர் என்று ஆனது. 2003இல் ரோமில்கூட இறுதி ஆட்டம் நடத்திப் பார்த்தார்கள், ம்ஹும். என் கணிப்பில் டிவி, தேதி எல்லாம் அப்புறம்தான். இந்த ஊரில் ரத்தம் கொதிப்பது கவுண்டிக்கும் சொந்த ஊர் கிளப்புக்கும்தான், மாகாணத்துக்கு யார் தொண்டை கிழியக் கத்துவார்கள்? கவுண்டி அணிகளுக்கான அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு இதே மைதானத்தில் டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

அருங்காட்சியகத்தில் அகில அயர்லாந்து ஹர்லிங் சாம்பியனுக்குக் கொடுக்கும் லியம் மெக்கார்த்தி கோப்பையின் பழைய, அசல் கோப்பை இருக்கிறது. ஆனால் என் ஓட்டு மேல்தளத்தில் நாமே ஆடிப் பார்க்கும் இடத்துக்கு. ஆஷ் மர மட்டையை வாங்கிப் பாருங்கள், அடிப்பக்கம் அகன்று வளைந்திருக்கும். மரத்தின் அடித்தண்டு வேரோடு சேரும் இடத்தில் அறுப்பதால் மர ரேகையும் அந்த வளைவோடு சேர்ந்தே ஓடும், அதனால்தான் அவ்வளவு அடி வாங்கியும் தாங்குகிறது. ஸ்லிட்டர் என்கிற பந்து தோல் உறை போட்டது, 110 கிராமுக்கு மேல் எடை. நின்ற இடத்திலேயே அதை மட்டையால் அடிக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வீரர்கள் இதை ஓடிக்கொண்டே, பக்கத்தில் இன்னொருவன் மட்டையை வீசும்போது செய்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளோடு போனால் டூரின் நடைக்கும் பேச்சுக்கும் பொறுமை இழப்பார்கள், விளையாட்டுப் பகுதிக்கு நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் காற்று பிய்த்தெடுக்கும், ஜூலையானாலும் ஜாக்கெட் வேண்டும். கூரை மேல் நடக்கும் ஸ்கைலைன் டூருக்கு டிக்கெட் தனி, உயரம் 44 மீட்டர், தலை சுற்றுகிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். அப்புறம், மேட்ச் நாளில் டூர் கிடையாது, தேதியைப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்.