டட்சன் 240 இசட்: பின்சக்கர டிரம்மைச் செப்பனிடுவதா, டிஸ்க்குக்கு மாற்றுவதா?

1969-இன் இறுதியில் ஜப்பானில் அறிமுகமான நிசானின் இசட் ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில், 2.4 லிட்டர் எஞ்சினுடன் ஏற்றுமதியான டட்சன் 240 இசட்டுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் பொருத்தப்பட்டிருந்தன. இக்காரை இன்று வைத்திருப்போரில் பலர் பின்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு, அதே வரிசையில் 1978-இல் வந்த 280 இசட்எக்ஸின் பின்சக்கர டிஸ்க் காலிப்பரை, அதாவது சுழலும் தட்டை இருபுறமும் பேடு எனும் உராய்வுக் கட்டைகளால் கவ்வும் பாகத்தை, பொருத்த விரும்புகிறார்கள். அந்தச் செலவு எதற்காக என்று கேட்டால், பெரும்பாலும் தோற்றத்துக்காக என்பதே என் கணிப்பு.

பழைய டிரம் மட்டமானதன்று. 9 அங்குல உள்விட்டமுள்ள அது, உள்ளே இரும்பு வளையமும் வெளியே வெப்பத்தைக் கடத்தும் துடுப்புகளும் கொண்ட அலுமினிய வார்ப்பாகும். சக்கரம் சுழலும்போது டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் வளைந்த கட்டைகளான ஷூக்களில் முன்னணி ஷூவை டிரம்மே தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், குறைந்த அழுத்தத்திலேயே போதிய பிடி கிடைக்கிறது. மேலும், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்துவிடுவதால், வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரங்களையே சேர்கிறது. பின்பக்கம் எதைப் பொருத்தினாலும் கார் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது.

டிரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லப்படும் கார்களில், குறை பெரும்பாலும் பராமரிப்பில்தான் இருக்கும். இந்த வண்டியில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர், அதைத் தாங்கும் பின்தகட்டில் நழுவி நகரவேண்டும். அது துருவேறி இறுகிவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், கார் ஒரு பக்கம் இழுக்கும். சிலிண்டரை மாற்றி, நழுவும் இடத்தைச் சுத்தம் செய்து, டிரம் கோணிப்போயிருந்தால் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் கடைசல் பிடித்து, புதிய ஷூக்களை இடைவெளி பார்த்துப் பொருத்தினாலே பழைய பிடி திரும்பிவிடும். (ஷூவின் மேல் ஒட்டிய பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.)

டிஸ்க்குக்கு உண்மையான மேன்மை வெப்பத்தில்தான் இருக்கிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் மிதி கீழே போகும். டிஸ்க்கோ சூடேறும்போது பேடை நோக்கியே தடிக்கிறது. பந்தயத்தளத்தில் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டுபவருக்கும், நீண்ட மலையிறக்கங்களில் வேகமாக இறங்குபவருக்கும் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. பேட் மாற்றுவதும் எளிது. ஆனால் 280 இசட்எக்ஸ் காலிப்பரில் கைபிரேக் உள்ளேயே அமைந்திருப்பதால் அதன் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முடியாது, திருகித்தான் ஏற்றவேண்டும். கைபிரேக் கேபிளுக்கும் தனியாக வழி செய்யவேண்டும். காலிப்பரைத் தாங்கும் பிடிமானம் டிரம்மின் பின்தகடு இருந்த இடத்தில் அமர்கிறது. அந்தத் தகட்டை எடுக்க அச்சு முனையை உருவவேண்டும், அல்லது தகட்டையே வெட்டவேண்டும். வெட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கடினம் என்பதைப் பலர் முன்கூட்டி எண்ணிப்பார்ப்பதில்லை.

மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். காலிப்பரின் பெரிய பிஸ்டன் அதிக பிரேக் ஆயிலைக் கேட்பதால், 7/8 அங்குலச் சிலிண்டருக்குப் பதிலாக 15/16 அங்குலச் சிலிண்டரைப் போடுவது வழக்கம். பரப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுவதால் மிதி இறங்கும் தூரம் குறையும். ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் அந்த அளவுக்கு அதிகமாக உழைக்கவேண்டும். டிரம்முக்கு ஆயில் செல்லும் குழாயில் (லைனில்) சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் அதை நீக்கியாகவேண்டும்; விட்டுவைத்தால் பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

சந்தையில் கிடைக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர் தொகுப்புகள் பார்வைக்கு அழகானவை. அவற்றில் பலவற்றுக்குக் கைபிரேக்கே கிடையாது என்பதால், சாலையில் ஓடும் காருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வாரக்கடைசியில் சாலையில் மட்டும் ஓடும் காருக்கு டிரம்மைச் செப்பனிட்டு, மிச்சமாகும் பணத்தை முன்பக்க பேடுக்கும் புதிய ரப்பர் ஹோஸுக்கும் செலவிடுவதே சரி என்பது என் கருத்து. டிஸ்க்குக்கு மாற்றியே தீரவேண்டும் என்பவர் பின்பக்க லைனில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வையும் சேர்த்துப் பொருத்தி, ஆளில்லாத நேர்சாலையில் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சோதித்து, எந்த நிலையிலும் முன்சக்கரங்களே முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்படி அதைத் திருகி நிறுத்தவேண்டும். பின்சக்கரங்கள் முந்திக்கொண்டால் காரின் வால் சுழன்றுவிடும்.