எட்டு வருடமாக என்னிடம் எரியும் பெட்ரோமாக்ஸ்

பம்ப் கைப்பிடியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். அது மெல்லத் தானாகவே மேலே எழுந்து வந்தது. பழைய பெட்ரோமாக்ஸ் வாங்கப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பம்ப் குழாயின் அடியில் இருக்கும் சின்ன வால்வு கெட்டுப்போனால், தொட்டியில் அடைத்த காற்று குழாய்க்குள் திரும்பி வந்து கைப்பிடியைத் தள்ளும். காற்றோடு மண்ணெண்ணெயும் வரும். அந்த நிலையில் பற்றவைக்கவே கூடாது.

என் விளக்கைச் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் 80 வெள்ளிக்கு வாங்கினேன். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள்; நான் வாங்கியது அதற்கு முந்தைய வருடம். மேலே அகலமான எனாமல் குடை, கொக்கியில் மாட்டித் தொங்கவிடக் கம்பி, உள்ளே கரி, அடியில் பச்சைக் களிம்பு. கண்ணாடி மட்டும் விரிசல் இல்லாமல் இருந்தது.

வால்வைக் கழற்றத்தான் அதிக நாள் ஆனது. அது குழாயின் அடி ஆழத்தில் இருக்கிறது, சாதாரண ஸ்பேனர் எட்டாது. அதற்கென்றே நீளமான சாவி உண்டு. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கொதிக்கிற நீரில் தொட்டியின் அடியைச் சூடாக்கித் திருப்பினேன். உள்ளிருந்த ரப்பர் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயைத் தாங்கும் ரப்பரில் பயறளவு துண்டு வெட்டி வைத்தேன். எட்டு வருடத்தில் அதை ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன்.

பம்பின் தோல் வாசரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தையல் இயந்திர எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, ஓரத்தை விரலால் விரித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். என்னுடையது இன்னும் அதே பழைய தோல்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. தொட்டியை மெருகேற்ற ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் நிக்கல் பூச்சு பாதி போய், அடியிலிருந்த பித்தளை திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பழைய பூச்சு மங்கலாக இருந்தாலும் மிதமான சோப்பு நீரும் பஞ்சும் போதும். பூச்சில்லாத பித்தளைப் பாகங்களுக்கு அம்மா சொன்ன புளியே நன்றாக வேலை செய்தது, கழுவியதும் ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். அமோனியா கலந்த பாலிஷ் மட்டும் கூடவே கூடாது. இழுவிசையில் இருக்கும் பித்தளையில் அது மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். தொட்டியோ காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டியது.

பற்றவைக்கும் முன் தொட்டியில் கொஞ்சம் காற்றடித்து, எல்லா மூட்டுகளிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். குமிழி வந்தால் அன்றைக்கு விளக்கு கிடையாது.

பெட்ரோல் விளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும் பார்க்க ஒன்று போலிருக்கும். அமெரிக்கக் கோல்மேன் விளக்குகளில் பல, சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோலில் எரிபவை. மாக்ஸ் கிரேட்ஸ் பெர்லினில் உருவாக்கிய பெட்ரோமாக்ஸ் மண்ணெண்ணெய்க்கானது. மண்ணெண்ணெய் விளக்கில் பெட்ரோலை ஊற்றினால், அறை வெப்பத்திலேயே ஆவியாகிற அந்தத் திரவம் சின்னக் கசிவிலும் பிடித்துக்கொள்ளும். இங்கே மண்ணெண்ணெய் தேடி ஹார்டுவேர் கடைகள் பலவற்றில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அதற்காகக் கிடைத்ததை ஊற்றிவிடாதீர்கள்.

மேண்டிலைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லலாம். 1885-இல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் காப்புரிமை பெற்ற யோசனை அது. துணிப் பையில் உலோக உப்புகள் ஏற்றியிருக்கும். முதல் முறை எரிந்ததும் துணி கரிந்துபோய், அதே வடிவத்தில் வெள்ளைச் சாம்பல் வலை மட்டும் மிஞ்சும். வெளிச்சம் தருவது அந்த வலைதான். விரல் பட்டால் உதிரும், ஆனால் கூசுகிற அளவுக்கு ஒளிரும். பழைய மேண்டில்களில் இருந்தது தோரியம், இலேசான கதிரியக்கம் உடையது. அதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நான் இப்போது யிட்ரியம் மேண்டில்தான் வாங்குகிறேன். மேண்டிலில் ஓட்டை விழுந்துவிட்டால் உடனே அணைத்து மாற்றுங்கள். அதன் வழியே பாயும் தீ நேராகக் கண்ணாடியில் போய் அடிக்கும்.

முதல் நாள் எனக்கு மஞ்சள் தீ குபுகுபுவென்று எழுந்தது. காரணம் அவசரம். ஸ்பிரிட் கிண்ணம் முழுவதும் எரிந்து முடியும்வரை காத்திருந்தால்தான் ஆவிக்குழாய் நன்றாகச் சூடாகும், மண்ணெண்ணெய் ஆவியாக வரும். அப்புறம் ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் சீராகும். இடையில் ஒளி மங்கினால் பக்கத்துக் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவேன். உள்ளிருக்கும் ஊசி, ஆவி வெளிவரும் நாசில் துளையைக் குத்திக் கரியை எடுத்துவிடும். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை, காற்றுக்கு இடம் வேண்டும். ஒரு லிட்டர் ஏறக்குறைய எட்டு மணி நேரம் வருகிறது.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் இதை ஒருநாளும் ஏற்றியதில்லை. வெப்பமும் அதிகம், கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. செம்பவாங்கில் அக்காவின் தரைவீட்டு முன்வாசலில்தான் தொங்கவிடுகிறோம், வருடத்தில் நாலைந்து முறை. போன தீபாவளிக்கு முந்தின இரவு ஏற்றியபோது அம்மா நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். ஜோகூர்த் தோட்டத்தில் தான் சிறுமியாக இருந்தபோது மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த மாதிரி விளக்கைத்தான் மூங்கில் கம்பத்தில் கட்டுவார்கள் என்றார். “காத்து குறைஞ்சுட்டுதுப்பா, நாலு அடி அடி” என்றார் கொஞ்ச நேரத்தில். தொட்டியின் காற்றழுத்த மானியைப் பார்த்தேன், முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

உதிரிபாகங்களுக்குக் கவலை வேண்டாம். இந்த வடிவத்தைப் பல நாடுகளில் நகலெடுத்திருப்பதால் நாசில், ஊசி, மேண்டில் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. சீனத்துப் பாகங்கள் சில மரையில் சரியாக உட்காரவில்லை. வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.