‘குழந்தைகூட ஏறலாம்’ என்று சொல்லி என் தலையில் கட்டிய குதிரை

கணுக்காலில் பிளேட்டை வைத்துக்கொண்டு குதிரை ஏறப் போனது என் தப்புதான், அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ‘உனக்கு எதற்கு இந்த வேலை’ என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே பலமுறை கேட்டுக்கொண்டாயிற்று. ஆனால் நான் எதையும் மறைத்துப் போய் ஏறவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, அதற்கேற்ற குதிரை வேண்டும் என்று கேட்டு, மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டி ஏமாந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

படியில் தவறி விழுந்து இடது கணுக்கால் உடைந்தது. பதினான்காவது வாரத்தில் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், எலும்பு சேர்ந்துவிட்டது, ரொம்ப சாதுவான குதிரை என்றால் நடை மட்டும் போகலாம், விழுவது மட்டும் கூடாது என்றார். பிசியோதெரபிஸ்டுக்கு அந்த அளவுக்குக்கூட மனசில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் அரை நிமிடம் நின்றேன், இடது காலில் நான்கு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். எலும்பு ஒட்டியது வேறு, அந்தக் கால் உடம்பைத் தாங்கக் கற்றுக்கொள்வது வேறு என்று அவர் சொன்னது அன்று என் காதில் சரியாக ஏறவில்லை.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல், குதிரையை வாடகைக்கு விடும் அந்த லாயத்துக்கு எழுதி அனுப்பினேன். வந்த பதில்: ‘உங்களுக்கென்றே ஒரு குதிரை இருக்கிறது, குழந்தைகூட ஏறலாம்.’

ஏறிப் பார்க்க ஒரு நாள், நேரம் குறித்துக் கொடுத்தார்கள். (நேரத்தை அவர்கள் குறித்தார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) போனபோது குதிரை ஏற்கெனவே சேணம் கட்டித் தயாராக நின்றது. தலை தொங்கியிருந்தது, கீழுதடு தளர்ந்திருந்தது, ஒரு பின்னங்கால் மடங்கி ஓய்வில் இருந்தது. பதினைந்து நிமிடம் ஆமை மாதிரி நடந்தது. இறங்கி வயிற்றுவாரைத் தளர்த்தும்போது அதன் அடியில் கைவிட்டேன். முடி ஒட்டிப்போய்க் கிடந்தது, விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு. ஏறி நடை போன கால் மணி நேரத்தில் வருகிற வேர்வை இல்லை அது, முன்பே வேர்த்துக் காய்ந்தது. கேட்டதற்கு ‘காலையில் ஒரு வகுப்பு இருந்தது’ என்றார்கள். சரி என்று பணத்தைக் கட்டினேன். அந்த உப்புக் கோட்டைப் பார்த்தும் கட்டினேனே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

நான் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் பிறகு வாய்தவறிச் சொன்னார். ஆக, அன்று நான் பார்த்தது சாதுவான குதிரையை இல்லை, களைத்துப்போன குதிரையை. இதைவிட மோசமாக, மயக்க மருந்து கொடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. குதிரை வாங்குகிறவர்கள் முன்கூட்டியே ரத்தம் எடுத்துச் சோதிப்பது அதனால்தான். என் விஷயத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஓட்டமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பணம் கட்டிய பிறகு முதல் தடவையாக ஏறப் போனேன். மழையால் மூன்று நாள் குதிரையை வெளியே விடவில்லை, ஆனால் ஓட்ஸை மட்டும் குறைக்காமல் போட்டிருக்கிறார்கள். வேலை இல்லாமல் தானியம் உள்ளே போனால் எந்தக் குதிரையும் முறுக்கேறித்தான் நிற்கும். கழுத்து கல் மாதிரி இருந்தது, காதுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன, வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கால் ஒரு சீறல். இன்றைக்கு வேண்டாமே என்றேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, ‘நீங்கள் ஏறினால் அடங்கிவிடும்’ என்றார்.

இடது காலை அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற வளையம்) வைத்து முழுப் பாரத்தையும் அதில் போட முடியாது என்பதால் வலது பக்கமாக ஏறக் கேட்டேன். ‘குதிரைக்கு எல்லாம் தெரியும்’ என்றார்கள். பெரும்பாலான குதிரைகளை இடது பக்கம் ஏறித்தான் பழக்குகிறார்கள், இதற்கும் அவ்வளவுதான் தெரியும் போல. நான் பாதி ஏறியபோதே பக்கவாட்டில் இரண்டடி துள்ளியது.

அடுத்து நடந்ததில் என் காலுக்கும் பங்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அங்கவடியில் குதிகால் கீழே இறங்க வேண்டும். உடைந்து சேர்ந்த கணுக்கால் அந்தப் பக்கம் மடங்காது, விறைப்பாக இருக்கும். எனக்குக் குதிகால் மேலே எழும்பியது, கால் பின்னால் நழுவியது, விழாமல் இருக்கக் கெண்டைக்காலால் இறுக்கிப் பிடித்தேன். நான் செய்தது பிடித்துக்கொள்வது, குதிரைக்கு அது ‘போ’ என்கிற கட்டளை. மந்தமான குதிரை என்றால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். இந்த மாதிரிக் குதிரை தோலில் ஈ உட்கார்ந்தாலே உணரும், அது எப்படி விடும்? அதுவும் இடது பக்கம் மட்டும் அழுத்தம் என்றால் அதற்குக் குழப்பம் வேறு.

பின்னால் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது, சத்தம் மட்டும்தான். அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. இரண்டு கடிவாளத்தையும் சேர்த்து இழுத்தால் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு இன்னும் ஓடும் என்பது தெரியும் என்பதால் ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் பிடித்து வட்டத்துக்குக் கொண்டுவந்தேன், அதையும் சட்டென்று இழுக்காமல், ஏனென்றால் ஈர மண்ணில் அந்த வேகத்தில் சட்டென்று வெட்டித் திருப்பினால் குதிரையே சரிந்துவிடும், வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிச் சுருக்கி நடைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நின்றதும் வலது காலில் இறங்கப் பார்த்தேன். குதிரை ஓர் அடி நகர்ந்தது. இடது கால் தரையில் மோதியது.

பிளேட் நகரவில்லை, எலும்புக்கும் ஒன்றுமில்லை. தசைநாரில் காயம், வீக்கம், மறுபடி நான்கு வாரம் கணுக்காலை அசையாமல் பிடிக்கிற பூட்ஸ். பிசியோதெரபிஸ்ட் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களுடைய நிஜ முகம் தெரிந்தது. முதலில் ‘நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்றார்கள். ஆபத்துக்கு நானே பொறுப்பு என்றுதான் அந்தத் தாளில் இருக்கிறது, குதிரையைப் பற்றிச் சொன்ன பொய்க்கும் நானே பொறுப்பு என்று எங்கும் இல்லை. அப்புறம் ‘அடிபட்டதை நீங்கள் சொல்லவே இல்லை’ என்றார்கள். நான் அனுப்பிய செய்தியையும் அதற்கு அவர்களே போட்ட பதிலையும் படமெடுத்து அனுப்பினேன். அதிலிருந்து பதில் இல்லை. நேரில் மட்டும் பேசியிருந்தால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது, அதனால் நீங்களும் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

குணமாகிக்கொண்டிருக்கும்போது ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். சேணம் உங்கள் கண் முன்னால் ஏறட்டும். முதலில் அவர்களுடைய ஆள் ஏறி ஓட்டிக் காட்டட்டும், அந்த ஆள் ஏறத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம். முந்தின நாள் குதிரை வெளியே போனதா, என்ன தின்றது என்று கேளுங்கள். இரண்டாவது தடவை, வேறு நேரத்தில், ஓய்வாக நின்ற குதிரையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

குதிரை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டத் தெரிந்த ஒருவர் கையில் அது அருமையான குதிரை, காலைச் சரியாக வைத்துக்கொண்டு என்றாவது ஒரு நாள் நானே ஏற ஆசைப்படுகிற மாதிரிக் குதிரை. போன வாரம் அதை மறுபடி வாடகைக்கு விளம்பரம் செய்திருக்கிறார்கள், அதே ‘குழந்தைகூட ஏறலாம்’. படத்தில் தலை தொங்கியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், வயிற்றுவாருக்குப் பக்கத்தில் முடி ஈரமாகத்தான் இருக்கிறது.