போர்ச் செய்தி: உடனே வரும் வீடியோவா, மறுநாள் வரும் செய்தியா?

உக்ரைன் போரை எதில் பின்தொடர்வது என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். வாட்ஸ்அப் வீடியோவா, நாளிதழா?

வேகம்: வீடியோதான், போட்டியே இல்லை.
செலவு: வீடியோ ஓசி. நாளிதழுக்குக் காசு.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். 'அர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் நிஜப் போர் என்று உலகம் சுற்றின. தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் விளக்கம் சொன்னது: படம் மங்கல், கேமரா ஆட்டம், இருட்டு, சத்தம் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். எனக்கு வந்ததில் நான்கும் இருந்தன. நானும் நாலு பேருக்கு அனுப்பித் தொலைத்தேன்.

நாளிதழ் மட்டும் சுத்தமா? கருங்கடலில் உள்ள உக்ரைனின் பாம்புத் தீவுக் காவலர்கள் அனைவரும் இறந்ததாக 2022 பிப்ரவரியில் அதிபர் ஸெலென்ஸ்கியே சொன்னார், பத்திரிகைகளும் போட்டன. சில நாளில், அவர்கள் உயிரோடு பிடிபட்டிருக்கிறார்கள் என்றது உக்ரைன் கடற்படை. அதையும் பத்திரிகைகள் போட்டன. எனக்கு முதல் செய்தியை ஃபார்வர்டு செய்தவர் மட்டும் திரும்பி வரவேயில்லை.

மனநிறைவு: வீடியோவில் நல்லவன், கெட்டவன் அரை நிமிடத்தில் முடிவாகிவிடும். ரஷ்ய விமானங்களைத் தனியாளாகச் சுட்டு வீழ்த்தியதாகப் பேசப்பட்ட 'கீவின் பேய்' என்ற விமானி கற்பனைதான் என்று உக்ரைன் விமானப்படையே ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். "அப்போ நீ ரஷ்யா பக்கமா?" என்றார் நண்பர். படையெடுப்பு தவறு என்று சொல்ல அந்த விமானி எதற்கு?

சரி, யாருக்கு எது? பிள்ளை அங்கே மருத்துவம் படித்தால் வேகம் வேண்டும். அப்போதும் தூதரக அறிவிப்பையும் பிள்ளையின் போனையும் நம்புங்கள். மற்றவர்களுக்கு மறுநாள் நாளிதழ் போதும்.