தோலின் வழியா, மூச்சுக்குழாயின் வழியா? ஆஸ்துமாவின் இரண்டு மரபணு விளக்கங்கள்

ஆஸ்துமா பரம்பரையாக வருமா என்ற பழைய கேள்விக்கு 2006, 2007 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் கரப்பான் எனும் தோல் அழற்சி நோயோடும் ஆஸ்துமாவோடும் தொடர்புபடுத்திய ஃபிலாகிரின் மரபணு. மற்றொன்று, 17ஆம் குரோமோசோமில் 17க்யூ21 எனக் குறிக்கப்படும் பகுதி. இரண்டையும் ‘ஆஸ்துமா மரபணு’ என்றே எழுதிவிடுகிறோம் என்றாலும், அவை பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து ஒன்றல்ல.

ஃபிலாகிரின், தோலின் மேலடுக்கை இறுக்கி அதன் ஈரத்தைக் காக்கும் புரதம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரிடம் இதன் உற்பத்தியை முடக்கும் இரு மாற்றங்களில் ஒன்றேனும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவின் பழுதான படியைப் பெறும் குழந்தைக்கு மீன்செதில் போல் உரியும் வறண்ட தோல் அமைகிறது. ஒரு படி மட்டும் பழுதானாலும் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது. விந்தை என்னவென்றால், மூச்சுக்குழாயின் உட்சுவரில் இந்தப் புரதமே கிடையாது. காப்பு குலைந்த தோலின் வழியே நுழையும் தூசு உண்ணியின் துகள்களையும் உணவுத் துகள்களையும் உடல் பகையாகப் பதிந்துகொள்ள, ஆஸ்துமா பின்னால் வந்து சேர்கிறது. ஆகவேதான் கரப்பான் உள்ள பிள்ளைகளிடம் வலுவாகத் தெரியும் இத்தொடர்பு, தோல் நலமாக இருக்கும் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

17க்யூ21 வெளிப்பட்ட விதமே வேறு. சிறுவயதில் ஆஸ்துமா தொடங்கிய 994 பேரையும் அந்நோய் இல்லாத 1,243 பேரையும் 3,17,000க்கும் மேற்பட்ட மரபணுக் குறிகளில் ஒப்பிட்டபோது இப்பகுதி தனித்து நின்றது. இங்குள்ள, நோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு வடிவம் மிகப் பரவலானது, தனித்துப் பார்த்தால் வலிமை குறைந்தது. ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ எனும் எதிர்ப்பொருளின் அளவோடு அதற்குக் குறிப்பிடத்தக்க உறவில்லை என்பதை 2010இன் பெரிய ஆய்வொன்று காட்டியது. ஓஆர்எம்டிஎல்3, ஜிஎஸ்டிஎம்பி எனும் அண்டை மரபணுக்களில் எது உண்மைக் காரணி என்ற வழக்கும் தீர்ந்தபாடில்லை.

ஒரே குடும்பத்தில் கரப்பானும் மூக்கொழுக்கும் மூச்சிளைப்பும் வரிசையாக வருவதை விளக்க ஃபிலாகிரினே மேல் என்பது என் கருத்து. ஒவ்வாமையின் சுவடே இல்லாமல், சளி பிடிக்கும்போதெல்லாம் மூச்சிளைத்து, பின்னர் ஆஸ்துமாவாகிவிடும் குழந்தைக்கு 17க்யூ21 பொருந்துகிறது. சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் தொற்றால் மூச்சிளைத்த குழந்தைகளிடம் இதன் பங்கு கூடுதலாக இருந்ததை 2013இல் கண்டார்கள்.

பயன் என்று பார்த்தால் தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 1,394 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஈரப்பதக் களிம்பு பூசிப் பார்த்த பிரிட்டன் சோதனையில், இரண்டாம் வயதில் கரப்பான் குறையவில்லை என்பது 2020இல் தெரிந்தது. தெளிவான விளக்கம் தெளிவான தடுப்பாக மாறவில்லை. மங்கலாகவே இருக்கும் 17க்யூ21இன் அபாயமோ, பிஞ்சு வயதில் புகையிலைப் புகையைச் சுவாசித்த பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்ததை 2008ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடும்ப ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் பீடி, சிகரெட்டை நிறுத்த மரபணுச் சோதனை எதுவும் தேவையில்லை.